24 பாட்டு, மூணு ஜூரி, 2,22,000 டாலர்

இந்த எபிசோட்ல 24 பாட்டோட கதை. ஐடியூன்ஸ்ல அப்போ ஒரு பாட்டு 99 சென்ட். அந்த 24 பாட்டையும் வாங்கியிருந்தா 24 டாலருக்குள்ள முடிஞ்சிருக்கும். ஆனா அமெரிக்காவுல, மின்னசோட்டா மாநிலத்துப் பெண் ஒருத்தருக்கு அது 2,22,000 டாலர்ல போய் நின்னது. எப்படின்னு பார்ப்போம்.

1999 ஜூன்ல நாப்ஸ்டர் வந்தது. ஷான் ஃபேனிங்னு ஒரு இளைஞர் எழுதின மென்பொருள். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற எம்பி3 நேரா என் கம்ப்யூட்டருக்கு வந்துடும். எந்தப் பாட்டு யார்கிட்ட இருக்குங்கிற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரோட சர்வர்ல இருக்கும். அந்தப் பட்டியலே அதுக்கு வினையாச்சு. அதே டிசம்பர்ல இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001 ஜூலையில நாப்ஸ்டர் நின்னுபோச்சு.

அடுத்து காஸா மாதிரி மென்பொருள்கள் வந்தன. இதுல நடுவுல அப்படி ஒரு பட்டியலே கிடையாது. அப்போ யாரைப் பிடிக்கிறது? இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ, பாட்டைப் பகிர்ந்தவங்க பக்கமே திரும்பியது. 2003 செப்டம்பர் 8, ஒரே நாள்ல 261 பேர் மேல வழக்கு. அந்த வலையில சிக்கினவங்கள்ல நியூயார்க்ல இருந்த 12 வயசுச் சிறுமியும் உண்டு. அம்மா 2,000 டாலருக்குச் சமரசம் பேசி முடிச்சாங்க.

இவங்களை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? 'டவுன்லோடு பண்ணினதைப் பார்த்துப் பிடிச்சாங்க'ன்னுதான் பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. காஸாவுல இறக்கின பாட்டு ஒரு ஃபோல்டர்ல விழும். நீங்க மாத்தி வைக்காத வரைக்கும் அந்த ஃபோல்டர் உலகத்துக்கே திறந்திருக்கும். நிறுவனங்கள் அமர்த்தின ஆட்கள் சாதாரணப் பயனர் மாதிரி உள்ளே வந்து, உங்க பட்டியலைப் பதிவு பண்ணி, சில பாட்டை இறக்கிப் பார்த்து, ஐபி முகவரியைக் குறிச்சுக்கிட்டாங்க. அந்த முகவரி யாரோடதுன்னு இன்டர்நெட் நிறுவனத்துக்கிட்ட கோர்ட் வழியா கேட்டாங்க. மாட்டிவிட்டது டவுன்லோடு இல்லை, பகிர்வு.

மாட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க சில ஆயிரம் டாலர் கட்டி ஒதுங்கிட்டாங்க. வக்கீல் வெச்சு வாதாடினா அதைவிட அதிகம் செலவாகும். மின்னசோட்டா பெண் மட்டும் 'நான் செய்யலை'ன்னு நின்னாங்க. இப்படிப்பட்ட வழக்குல ஜூரி வரைக்கும் போன முதல் ஆள் அவங்கதான்.

2007 அக்டோபர்ல ஜூரி அவங்களை நம்பலை. பாட்டுக்கு 9,250 டாலர், மொத்தம் 2,22,000. ஆனா நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செஞ்சார். ஃபோல்டர்ல வெச்சிருந்தாலே விநியோகம் பண்ணினதா அர்த்தம்னு ஜூரிக்குத் தானே தப்பா விளக்கிட்டேன்னு சொன்னார். 2009 ஜூன்ல மறுவிசாரணை. இந்தத் தடவை பாட்டுக்கு 80,000, மொத்தம் 19,20,000 டாலர்! நீதிபதி அதை 54,000 ஆக்கினார். நிறுவனங்கள் ஒத்துக்கலை. 2010 நவம்பர்ல மூணாவது ஜூரி 15 லட்சம் டாலர்னு சொன்னது. நீதிபதி மறுபடி 54,000 ஆக்கினார். கடைசியில 2012-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தொகையான 2,22,000-க்கே கொண்டுவந்து நிறுத்தியது. 2013 மார்ச்ல உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்க மறுத்துடுச்சு.

இந்தத் தொகையெல்லாம் எங்கிருந்து வந்தது? ஜூரிக்குப் பைத்தியம் பிடிக்கலை. அமெரிக்கச் சட்டத்துல, உரிமையாளர் தன் நஷ்டத்தை நிரூபிக்காமலே நஷ்டஈடு கேட்கலாம். ஒரு படைப்புக்கு 750-லிருந்து 30,000 டாலர் வரை. தெரிஞ்சே மீறினா 1,50,000 வரை. 24 பாட்டுக்குக் குறைஞ்சபட்சமே 18,000 டாலர் ஆயிடுது. இந்த அளவை உயர்த்தினதும் நாப்ஸ்டர் வந்த அதே 1999 டிசம்பர்லதான். திருட்டு சிடி போட்டு வித்துக் காசு பார்க்கிறவருக்கும், வீட்டுல உட்கார்ந்து ஒரு பைசா லாபம் இல்லாம பகிர்ந்தவருக்கும் ஒரே அளவுகோல். இந்தக் கதையில என்னை உறுத்துறது இதுதான். நிறுவனங்களோட வருமானம் அந்த வருஷங்கள்ல சரிஞ்சது உண்மை. ஆனா அந்தச் சரிவுக்கான கணக்கை ஒரு தனி ஆள் தலையில எழுத முடியுமா? சட்டத்தைத் திருத்துங்கன்னு அந்த நீதிபதியே நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கிட்டார். அளவு இன்னும் அப்படியேதான் இருக்கு.

2008 டிசம்பர்ல ஆர்ஐஏஏ இந்த மொத்த வழக்குகளை நிறுத்திக்கிறதா அறிவிச்சது. அதுக்குள்ள சுமார் 35,000 பேர் சிக்கியிருந்தாங்க. பகிர்வு நிக்கலை. அதே வருஷம் அக்டோபர்ல ஐரோப்பாவுல ஸ்பாட்டிஃபை தொடங்கியிருந்தது. இந்த வழக்குகளால முடியாததை, மலிவா சுலபமா பாட்டு கிடைச்சது பெரிய அளவுல செஞ்சுது.

'அது அமெரிக்கா, நமக்கென்ன'ன்னு கேட்பீங்க. இந்தியாவோட 1957 பதிப்புரிமைச் சட்டம், 63-வது பிரிவு: தெரிஞ்சே மீறினா 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லைன்னா கோர்ட் குறைக்கலாம். அமெரிக்க வழக்குல பணம் மட்டும்தான் போச்சு, இங்கே இது கிரிமினல் குற்றம். டோரண்ட் பயன்படுத்தறவங்க இன்னொண்ணையும் கவனிங்க. அது பாட்டை இறக்கும்போதே, வந்த துண்டுகளை அடுத்தவங்களுக்கு ஏத்தியும் விடும். நீங்க டவுன்லோடுதான் பண்றதா நினைப்பீங்க, ஆனா பகிர்ந்துக்கிட்டும் இருப்பீங்க. மின்னசோட்டாவுல மாட்டினதும் அந்த இடத்துலதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.