சிரிப்பவன் யார்? நதானியேல் வெஸ்டின் அங்கதமும் அவருடைய விமர்சகர்களும்

அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் வெஸ்டை (1903–1940) அங்கத எழுத்தாளர் வரிசையில் வைப்பது பாடநூல் வழக்கம். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் அதை ஏற்கவில்லை. வெஸ்டின் நான்கு நாவல்களும் 1957இல் ஒரே தொகுப்பாக வெளிவந்து அவர் பெயர் மீண்டும் பேசப்பட்ட காலத்தில் எழுதி, பின்னர் ‘த டையர்ஸ் ஹேண்ட்’ (1962) நூலில் சேர்த்த கட்டுரையில் அவர் தன் மறுப்பை முன்வைத்தார். மெய்யையும் பொய்யையும் பிரித்துத் தீர்ப்பளிக்க மனசாட்சியும் பகுத்தறிவும் உண்டு என்ற நம்பிக்கையில்தான் அங்கதம் நிற்கிறது; வெஸ்டின் உலகில் அந்த நீதிபதி இல்லை; ஆகவே அவர் அங்கதக்காரர் அல்லர் என்பது ஆடனின் வாதம். அதில் பாதி சரி. நீதிபதியின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அதில் உட்கார்ந்து பிறரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை தனக்குண்டு என்று எண்ணுகிறவனையே வெஸ்ட் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார் என்பதுதான் ஆடன் காணத் தவறிய மறுபாதி.

வெஸ்டின் வாழ்க்கையில் இதற்குத் தேவையான செய்திகள் சிலவே. நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பத்தில் நாதன் வைன்ஸ்டைனாகப் பிறந்தார். வேறொருவரின் மதிப்பெண் சான்றைக் காட்டி பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1924இல் பட்டம் பெற்றார். 1926இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். பிறகு மன்ஹாட்டன் ஓட்டல்களில் இரவுநேர மேலாளர் வேலை. கையில் காசில்லாத எழுத்தாளர்களுக்கு அறைகளை இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ விட்டார். தங்கியிருந்தவர்களுக்கு வந்த கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தார் என்றும் சொல்வார்கள். அடுத்தவர் துயரத்தை ஒளிந்திருந்து படித்த குற்ற உணர்வு அவரது எழுத்தில் படிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1929இல் நடந்த ஒன்று இதைவிட முக்கியமானது. வெஸ்டின் கல்லூரித் தோழர் எஸ். ஜே. பெரல்மன் பேர்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். அதே ஆண்டு வெஸ்டின் தங்கையை மணந்தவர். புரூக்ளின் நாளிதழ் ஒன்றில் வாசகர்களுக்கு ஆறுதல் பதில் எழுதிவந்த பெண்ணொருவர், தனக்கு வந்த கடிதங்களை அவரிடம் காட்டினார். நகைச்சுவைக் கட்டுரைக்கு உதவும் என்பது அவர் நினைப்பு. பெரல்மனுக்கு அவை பயன்படவில்லை. உடனிருந்த வெஸ்ட் அவற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பதற்கென்று நீட்டப்பட்ட சரக்கைச் சிரிக்க முடியாததாக மாற்றியதில் பிறந்த நாவல்தான் ‘மிஸ் லோன்லிஹார்ட்ஸ்’ (1933).

அதில் வரும் பத்தி எழுத்தாளன் ஓர் ஆண். கடைசிவரை அவனுக்கு இயற்பெயர் கிடையாது. பத்திரிகையின் விற்பனையைக் கூட்ட வந்த வேலையை அவனும் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொள்கிறான். மூக்கில்லாமல் பிறந்த பதினாறு வயதுப் பெண்ணின் கடிதத்தைப் பாருங்கள். மற்றப் பெண்களைப் போல் தன்னையும் பையன்கள் வெளியே அழைத்துப் போக வேண்டும் என்பதற்குமேல் அவள் கேட்பது ஒன்றுமில்லை. பிழை மலிந்த எழுத்து. அந்தப் பிழைகளில் ஒன்றைக்கூட வெஸ்ட் கேலிக்குரியதாக்கவில்லை. கேலி செய்யும் வேலை முழுவதையும் அவர் பத்திரிகை ஆசிரியன் ஷ்ரைக்கிடம் ஒப்படைத்திருக்கிறார். கிராமத்து மண், தென்கடல் தீவு, இன்ப நுகர்ச்சி, கலை என மனிதன் தப்பியோட நினைக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஷ்ரைக் பகடி செய்யும் பேச்சு, மரபான அங்கதத்தின் கச்சிதமான மாதிரி. சொற்கட்டு அபாரம், கணிப்பும் சரி. ஆனால் நாவலில் அவனைப்போல் வெறுப்பூட்டுகிறவன் வேறெவனும் இல்லை. ஆடன் தேடிய மனசாட்சி ஷ்ரைக்கிடம் கிடையாது. அந்தக் கடிதங்களுக்கு முன்னால் வாசகனின் சிரிப்பு நின்றுபோகும் இடத்தில்தான் அது இருக்கிறது.

நாவலுக்கு நல்ல மதிப்புரைகள் வந்தன. வந்த வேளையில் லிவரைட் பதிப்பகம் திவாலானது. கடன் பாக்கிக்காக அச்சகத்தார் பிரதிகளைத் தர மறுத்தார்கள். திரைப்பட உரிமையை வாங்கியவர்கள் அதே ஆண்டு அதைக் கலகலப்பான வேறொரு படமாக்கிவிட்டார்கள்.

ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதிப் பிழைத்த ஆண்டுகளின் விளைவு ‘த டே ஆஃப் த லோகஸ்ட்’ (1939). ஏறத்தாழ 1,500 பிரதிகள் விற்றன. ஓவியன் டாட் ஹாக்கெட் முதல் அத்தியாயத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வீடுகளை நோட்டமிடுகிறான்: மெக்சிகோ பண்ணைவீடு, சமோவா குடிசை, மத்தியதரைக்கடல் மாளிகை, எல்லாம் சுண்ணச்சாந்தும் மரப்பட்டியும் காகிதமும். வெடிவைத்துத் தகர்ப்பதே சரி என்று அவனுக்குத் தோன்றுகிறது. அடுத்த கணமே மனம் இளகுகிறது. எவ்வளவு கோரமாக வெளிப்பட்டாலும் அழகுக்காக ஏங்குவதைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? அங்கதக்காரனின் கை ஓங்கித் தயங்கும் இந்த இடத்தைத் தாண்டி நேரே இறுதிக் கலவரத்துக்கு ஓடியதால்தான் விமர்சகர் பலர் வெஸ்டை அழிவின் தீர்க்கதரிசியாக்கினார்கள். 1975இல் ஜான் ஷ்லெசிங்கர் எடுத்த படத்திலும் மனதில் நிற்பது அந்தக் கலவரமே.

அதே நாவலில் ஹாரி கிரீனர் என்ற பழைய மேடைக் கோமாளி, வெள்ளிப் பாத்திரம் துலக்கும் மெருகை வீடு வீடாக விற்கிறான். ஹோமர் சிம்ப்சன் என்பவனின் வீட்டில் மயங்கி விழுவதுபோல் நடிக்கத் தொடங்கியவனுக்கு நிஜமாகவே உடம்பு முடியாமல் போகிறது. அப்போதும் நடிப்பு நிற்கவில்லை. எது வலி, எது வித்தை என்று அவனுக்கே தெரியாது. சிரிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவனின் உடல் இப்படி ஆகிறது. பெரல்மனின் மைத்துனர் எழுதியது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் உறைக்கும்.

இடதுசாரி நண்பர்கள் வேறு விதமாகக் குறைப்பட்டார்கள்: நம்பிக்கை தரும் ஒரு மனிதர்கூட இல்லையே? வெஸ்ட் திரைக்கதை ஆசிரியர் சங்கத்தில் தீவிரமாக இயங்கியவர்; நேர்மையாகப் போராடும் ஹாலிவுட் தொழிலாளர்களை நேரில் அறிந்தவர். அவர்களை உள்ளே கொண்டுவந்தால் நாவலின் அந்த அரைகுறை உலகம் கிழிந்துவிடும் என்ற பொருளில் கடிதமெழுதி விளக்கினார். ஆடனும் இடதுசாரிகளும் கேட்டது ஒன்றையே: நாவலுக்குள் நின்றபடி சரியானதைச் சுட்டிக்காட்டும் ஒரு விரல். 1940 டிசம்பர் 22 அன்று, எல் சென்ட்ரோ அருகே, மனைவி ஐலீனுடன் கார் விபத்தில் வெஸ்ட் இறந்தார். அதற்குமேல் பதில் சொல்ல அவர் இல்லை.

இந்த வாசிப்புக்கு அடங்காத ஒன்று உண்டு: ‘எ கூல் மில்லியன்’ (1934). உழைத்தால் உயரலாம் என்ற ஹொரேஷியோ ஆல்ஜர் கதைகளின் வாக்கியங்களையே எடுத்தாண்டு, லெமுவெல் பிட்கின் என்ற ஏழைப் பையனின் பல், கண், கட்டைவிரல், தலைத்தோல், கால் எனப் படிப்படியாகப் பறித்து, கடைசியில் பாசிசக் கட்சியின் தியாகியாக்குகிறார் வெஸ்ட். அரசியல் கணிப்பு கூர்மையானதுதான். ஆனால் சிரிக்கிற குரல் இங்கே விசாரணைக்கு ஆளாகவில்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் ஐயமே இல்லை. ஆடனின் இலக்கணத்துக்கு நான்கு நாவல்களில் மிக நெருங்கி வருவது இதுதான். முப்பது பக்கத்துக்குள் அலுப்புத் தட்டுவதும் இதுதான்.