உம்பிலீக்கசு: நடுவும் முடிவும்

இலத்தீன் மொழியில் கொப்பூழைக் குறிக்கும் உம்பிலீக்கசு என்னும் சொல், ஒரு நிலத்தின் நடுவையும் ஒரு நூலின் முடிவையும் உணர்த்துகின்றது. நடுவும் முடிவும் தம்முள் மாறுபட்டவை. அவை ஒரு சொல்லில் எங்ஙனம் பொருந்தின என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

நடுவென்னும் பொருள் எளிதில் விளங்கும். கிரேக்க மொழியின் ஓம்பலோசும் வடமொழி நாபியும் இதனோடு ஒருவேர்ப் பிறந்தவை. நாபி தேருருளியின் குடத்தையும் குறித்தலை மாணவர் அறிவர். கிரேக்கர் தெல்பியை உலகின் கொப்பூழ் என்றனர். தீவின் நடுவே இருத்தலின் என்னா நகர் சிசிலியின் கொப்பூழ் எனப்படும் என்று, கி.மு. 70-இல் வெர்ரிசின்மேல் தொடுத்த வழக்கிற்கென எழுதிய உரையில் சிசரோ கூறுகின்றார். கடற்கரைச் சிற்றோடு ஒன்றற்கும் இப்பெயர் உண்டு. சிப்பியோவும் லேலியசும் ஓய்வுநாளில் சிறுவரைப்போல் அவற்றைப் பொறுக்கி மகிழ்ந்தனர் என்னும் செய்தியும் சிசரோ தருவதே.

முடிவென்னும் பொருளே ஆராய்ச்சிக்குரியது. ஓராசு தம் 14-ஆம் எப்போடில், பாடலைக் கொப்பூழுக்குக் கொணர்தல் என்று எழுதுவது, அதனை முடித்தல் என்னும் பொருளிலேயாம். முதலேடு மேலும் ஈற்றேடு கீழுமாக அடுக்கிய சுவடியிற் பழகிய நமக்கு இவ்வழக்கு உடனே புலப்படாது. உரோமர் நூலோ பாப்பிரசுத் தாள்களை ஒட்டிச் சுருட்டிய சுருள். அதன் கடைப்பகுதி ஒரு கோலைச் சுற்றி அமையும். படிப்போன் வலக்கையால் விரித்து இடக்கையாற் சுருட்டிக்கொண்டு செல்வான். கடைசிப் பத்தியை அடைந்த பின்னரே கோல் வெளிப்படும். எனவே சுருளின் நடு எதுவோ அதுவே நூலின் முடிவு. மாறுபாடு சொல்லில் இல்லை. பொருளின் அமைப்பில் உள்ளது.

உம்பிலீக்கசு என்பது கோல்தானா, கோலின் முனையிலுள்ள குமிழா என்பது பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. கேடயத்தின் நடுக்குமிழைக் குறிக்கும் உம்போ என்னும் சொல் இதற்கு உறவாதலின், குமிழ் என்பார் கூற்றை எளிதில் தள்ளுதற்கில்லை. கட்டுள்ளசும் இச்சொல்லைப் பன்மையில் ஆள்கின்றார். ஆயின் அவர் பல நூல்களைப் பேசுதலின் அது சான்றாகாது. மார்சியலோ தம் நான்காம் நூலின் இறுதியில், ஒரே சிறுநூலை விளித்து, கொப்பூழ்களை எய்திவிட்டோம் என்கின்றார். ஒரு சுருளுக்கு நடுக்கோல் ஒன்றே, முனைகள் இரண்டு. ஆதலின் ஓராசின் ஒருமை கோலையும், மார்சியலின் பன்மை குமிழ்களையும் சுட்டின என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஓராசுக்கு உரைகண்ட பொர்பீரியோ, மரத்தாலோ எலும்பாலோ ஆகிய இவை நூலின் இறுதியில் வைக்கப்படும் என்று குறித்துள்ளார்.