கறுப்பு முடி பொன்னிறம் ஆன கதை

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடுறேன். கறுப்பு முடிக்குப் பொன்னிறச் சாயம் 'அடிக்க' முடியாது. ஒரு கறுப்புச் சட்டையை மஞ்சள் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தால் என்ன வரும்? கறுப்புச் சட்டைதான் வரும். தலைமுடிக்கும் அதே கதைதான். முதலில் உள்ளே இருக்கும் கறுப்பை வெளியேற்றணும். அதாவது இது சாயப்பட்டறை வேலை இல்லை மக்களே, வெள்ளாவி வேலை!

கொஞ்சம் வேதியியல். (பயப்படாதீங்க, ஒரே ஒரு பத்திதான்.) முடிக்கு நிறம் தருவது மெலனின். அதில் இரண்டு வகை. கறுப்பு, பழுப்பு தருவது யூமெலனின். சிவப்பு, மஞ்சள் சாயல் தருவது ஃபியோமெலனின். வெளுக்கும்போது முதல் ஆள் சீக்கிரம் உடைந்துவிடுவார். இரண்டாவது ஆள் லேசில் போகமாட்டார். அதனால் கறுப்பு முடி நேராகப் பொன்னிறத்துக்குத் தாவாது. பழுப்பு, செம்பட்டை, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்றுதான் போகும். முதல்முறை முயற்சி செய்பவர்கள் பலர் ஆரஞ்சுத் தலையோடு நிற்பது இதனால்தான். பாதி வழியில் இறங்கிவிட்டார்கள், அவ்வளவே.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

பதினாறாம் நூற்றாண்டு வெனிஸ். அங்கே வீட்டுக் கூரைகளின் மேல் 'அல்தானா' என்று மரத்தால் ஒரு மேடை கட்டியிருப்பார்கள். ஓவியர் டிஷியனின் உறவினரான செசாரே வெச்செல்லியோ 1590ல் உலக உடைகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் படம் உண்டு. தலையில் 'சொலானா' என்ற வைக்கோல் தொப்பி. அதில் உச்சிப்பகுதி கிடையாது, விளிம்பு மட்டும்தான். ஓட்டை வழியாக முடியை வெளியே எடுத்து விளிம்பின் மேல் பரப்பிவிட்டு, ஒரு மருந்துநீரைப் பஞ்சால் தொட்டுத் தொட்டு நனைத்தபடி கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். முடி வெளுக்கணும், முகம் மட்டும் கறுக்கக் கூடாது. அதற்குத்தான் அந்த விளிம்பு. நம்ம ஊரில் வடாம் காயப்போடுகிற மாதிரி அங்கே முடியைக் காயப்போட்டிருக்காங்க.

வெயிலுக்குப் பதில் பாட்டில் வந்தது பிரான்ஸில். 1818ல் லூயி ழாக் தெனார் என்ற வேதியியலாளர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தார். தலைமுடி பற்றியெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 1867 பாரிஸ் கண்காட்சியில், லண்டனைச் சேர்ந்த தியலே என்ற வேதியியலாளரும் லியோன் ஹ்யூகோ என்ற பாரிஸ் சிகையலங்காரரும் அதைக் கொண்டு முடியை வெளுத்துக் காட்டினார்கள். அவர்களுடைய சரக்கு வெறும் 3 சதவீதக் கரைசல்தான். வைத்த பேர் மட்டும் பிரமாதம்: பொன்னிற இளமை ஊற்றின் நீர்! மார்க்கெட்டிங் மக்கள் அன்றைக்கும் இப்படித்தான்.

இன்றைக்கும் அடிப்படை அதேதான். அமோனியா போன்ற காரம் முடியின் மேல் செதில்களைத் திறந்துவிடும், பெராக்சைடு உள்ளே போய் மெலனினை உடைக்கும். டப்பாவில் '20 வால்யூம்' என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜனை விடும் என்று அர்த்தம். அது சுமார் 6 சதவீதம். 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். போகிற போக்கில் முடிக்கு வலு தரும் கந்தகப் பிணைப்புகளையும் இது ஒரு கை பார்த்துவிடும். இதற்கு 'அன்டூ' கிடையாது. போன கறுப்பு புதுசாக முளைத்து வந்தால்தான் உண்டு.

வேதியியல் பிரச்சினையை 1867லேயே ஒருமாதிரி தீர்த்துவிட்டார்கள். ஆனால் தலை யாருடையது என்ற பிரச்சினை அப்படியே இருக்கு.

1940களின் நடுவில் கலிஃபோர்னியாவில் நோர்மா ஜீன் என்று ஒரு பழுப்பு முடிப் பெண். மாடலிங் ஏஜென்சியில் பொன்னிறமாக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அப்போதுதான் வாய்ப்பு அதிகம் வரும் என்று. முதலில் தயங்கியவர் பிறகு மாற்றிக்கொண்டார். அவரைத்தான் உலகம் மர்லின் மன்றோ என்று அறியும். உலகத்தின் மிகப் பிரபலமான பொன்னிற முடி, வேலைக்காக வெளுத்த முடி.

இன்னொரு பக்கம் ஜாலியான கதையும் உண்டு. 1998 உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்தை 2-1 என்று தோற்கடித்தது ருமேனியா. அடுத்து துனீசியாவுடன் ஆட்டம். மைதானத்துக்குள் வந்த ருமேனியர்களைப் பார்த்து எல்லாருக்கும் ஷாக். அத்தனை பேர் தலையும் மஞ்சள்! மொட்டைத்தலை கோல்கீப்பர் ஸ்டேலியா மட்டும் தப்பித்தார். யார் யார் என்று அடையாளம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அந்த ஆட்டம் 1-1, அடுத்த சுற்றில் குரோஷியாவிடம் தோற்று வீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் இன்றைக்கும் அந்த அணியைச் சொன்னால் முதலில் ஞாபகம் வருவது அந்தத் தலைகள்தான்.

அதே உலகக் கோப்பையில் ஜப்பானின் நகாட்டாவும் வெளுத்த முடியோடு ஆடினார். 90களில் ஜப்பான் இளைஞர்களிடம் இது ஒரு அலை. 'சபாட்சு' என்பார்கள், 'தேநீர் முடி' என்று அர்த்தம். பெரியவர்களுக்கு அது ஒழுங்கீனத்தின் அடையாளமாகத் தெரிந்தது. கறுப்பு முடி கட்டாயம் என்று பல பள்ளிகளில் விதி இருந்தது.

அந்த விதி எங்கே போய் முட்டியது பாருங்க. 2017ல் ஒசாகாவில் ஒரு பள்ளி மாணவி வழக்கு போட்டார். தன் முடி பிறவியிலேயே பழுப்பு என்றும், திரும்பத் திரும்பக் கறுப்படிக்கச் சொல்லித் தலைத்தோலும் முடியும் கெட்டுப்போனதாகவும் சொன்னார். பொன்னிற முடியோடு வெளிநாட்டு மாணவர் வந்தாலும் கறுப்படிக்கச் சொல்வோம் என்று பள்ளி சொன்னதாக மனுவில் இருந்தது. வேர் கறுப்புதான் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2021ல் தீர்ப்பு வந்தது. விதியும் கறுப்படிக்கச் சொன்னதும் சட்டவிரோதம் இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் வகுப்பிலிருந்து அவருடைய மேசையை எடுத்ததும் பெயர்ப்பட்டியலில் பேரை நீக்கியதும் தவறு என்று சொல்லி, 3,30,000 யென் இழப்பீடு தரச் சொன்னது. 2022 ஏப்ரலில் டோக்கியோ நகர அரசு தன் உயர்நிலைப் பள்ளிகளில் கறுப்புமுடிக் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

மன்றோவுக்குக் கறுப்பு சார்ந்த முடி கூடாது. ஒசாகா மாணவிக்குக் கறுப்பைத் தவிர வேறு கூடாது. இரண்டு இடத்திலும் தலை ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது. வெயிலில் காய்ந்த வெனிஸ் பெண்களைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் 'செம்பட்டைத் தலை' என்பதையே வசவாக வைத்திருக்கிற ஊர் நம்ம ஊர். அடுத்த முறை ஆரஞ்சுத் தலையோடு ஒரு பையனைப் பார்த்தால், கிண்டல் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அட, அவன் தலைங்க அது.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாராவது பாட்டில் வாங்கப் போனால், காதுக்குப் பின்னால் கொஞ்சமாகத் தடவி ஒவ்வாமை சோதனை செய்துவிட்டு அப்புறம் ஆரம்பிங்க. ஆரஞ்சில் நின்றால் கம்பெனி பொறுப்பல்ல :-)