ஒரே கடல், மூணு அரசு

எண்ணூருக்கு வடக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஆனா ரெண்டும் வேற வேற அரசுகிட்ட. எண்ணூர்த் துறைமுகத்தை (காமராஜர் பேரு 2014-ல வந்ததுதான்) 1999-ல பெருந்துறைமுகம்னு அறிவிச்சாங்க. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி அது மத்திய அரசுப் பட்டியல். காட்டுப்பள்ளி அந்த வகை இல்லை; மாநிலக் கடல்சார் வாரியத்தின் கீழ் வருது. கரையோர மீன்பிடிப்பு மாநிலத்தோடது. எர்ணாவூர்க் கரையில குப்பை அள்ளுறது, 2011-ல திருவொற்றியூர் நகராட்சி இணைஞ்ச பிறகு, சென்னை மாநகராட்சி வேலை.

காகிதத்துல எல்லாம் தெளிவு. எண்ணெய்க்கு இந்தப் பட்டியல் தெரியுமா என்ன?

2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. எண்ணெய் மாசு எதுவும் இல்லைன்னது துறைமுகத்தின் முதல் அறிக்கை. எர்ணாவூர்ல கறுப்பா ஒதுங்கினதைக் கடலோரக் காவல்படை, மாநகராட்சி ஊழியர்கள், மீனவர்கள், மாணவர்கள்னு எல்லாரும் வாளியால அள்ளினாங்க. காவல்படை மத்திய அரசோடது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்தோடது. மீன் விலைபோகாத மீனவர் யார்கிட்ட நஷ்டஈடு கேட்பார்?

2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட, எண்ணூர்க் கழிமுகத்துல மறுபடி எண்ணெய். இந்தத் தடவை வாரியம் கைகாட்டினது மணலியில இருக்கிற மத்தியப் பொதுத்துறை சுத்திகரிப்பு ஆலையை. படகுல போய் அள்ளின மீனவர்கள் கையில அப்பவும் வாளிதான்.