புளோக்குக்குக் கீழே ஒரு நிலையம்: தாத்தா பாட்டிக்கு அங்கே என்ன இருக்கு?

காலையில் வேலைக்கோ வகுப்புக்கோ ஓடும் அவசரத்தில் மின்தூக்கியை விட்டு வெளியே வருகிறீர்கள். வாய்ட் டெக்கில் பத்துப் பதினைந்து மூத்தோர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து மேசையில் ரம்மி-ஓ ஆட்டம். நாம் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவோம்.

அதுதான் துடிப்பாக மூப்படையும் நிலையம். சுருக்கமாக 'ஏஏசி'. சிங்கப்பூரில் இப்போது 200-க்கும் அதிகமான நிலையங்கள் உள்ளன. ஆனால் அங்கே நம்ம தாத்தா பாட்டியைப் பார்ப்பது கொஞ்சம் அபூர்வம்தான். ஏன்?

யார் போகலாம்?

60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் போகலாம். வருமானம் எவ்வளவு, எந்த வகை வீடு என்பதெல்லாம் கணக்கில்லை. பெரும்பாலான நடவடிக்கைகள் இலவசம். சிலவற்றுக்குச் சிறிய கட்டணம் இருக்கும்.

முன்பு இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் வாடகை வீடுகளில் வசித்த மூத்தோருக்காக நடத்தப்பட்டன. 2021-இல் புதிய முறை வந்த பிறகுதான் அக்கம்பக்கத்தில் உள்ள எல்லா மூத்தோருக்கும் கதவு திறந்தது. ஆனாலும் "அது வசதி இல்லாதவங்க போற இடம்" என்ற எண்ணம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட 'ஏஜ் வெல் எஸ்ஜி' திட்டத்தின்கீழ் இந்த நிலையங்களுக்கு 5 ஆண்டுகளில் 800 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டுள்ளது. அது எல்லாருக்குமான பணம்.

உள்ளே என்ன நடக்கும்?

உடற்பயிற்சி, கரோக்கி, கைவினை, கைபேசி வகுப்பு, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது என்று நிலையத்துக்கு நிலையம் மாறும்.

நாற்காலிப் பயிற்சியைப் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது தொடைத் தசைக்கான பயிற்சி. கழிப்பறையிலிருந்து எழுவது, பேருந்தில் ஏறுவது, தடுக்கினால் சமாளித்து நிற்பது எல்லாம் அந்தத் தசையை நம்பித்தான். ஒருமுறை விழுந்தவருக்குப் பயம் வரும். பயத்தில் நடை குறையும். நடை குறைந்தால் தசை இன்னும் மெலியும், மறுபடி விழும் வாய்ப்பு கூடும். அந்தச் சுழலை உடைக்க மாத்திரை கிடையாது. வாரத்தில் சில நாள் எழுந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

நிலையத்துக்கு வேறு இரண்டு பொறுப்புகளும் உண்டு. வெளியே வர முடியாத மூத்தோரை ஊழியர்களும் தொண்டூழியர்களும் வீட்டுக்குச் சென்றோ தொலைபேசியிலோ விசாரிப்பார்கள். மருத்துவமோ பராமரிப்போ தேவைப்பட்டால் உரிய இடத்தோடு தொடர்புபடுத்துவார்கள். வழக்கமாக வரும் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், "ஏன் காணோம்?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சேவையாகத் தெரிகிறது.

"நாங்கதான் வீட்டுல இருக்கோமே?"

நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பதில் இது. ஆனால் காலை எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிட்டால் மாலை ஏழு வரை பாட்டியோடு பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான்.

டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியும் ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. 60 வயதில் தாங்கள் தனிமையாக இருப்பதாக உணர்பவர்கள், அப்படி உணராதவர்களைவிடச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டு குறைவாக வாழலாம் என்று அது கணித்தது. அந்த ஆய்வு பார்த்தது தனிமை உணர்வை. வீடு நிறைய ஆள் இருந்தாலும் அந்த உணர்வு வரலாம்.

தமிழ் பேச ஆள் இருக்குமா?

உண்மையைச் சொன்னால், எல்லா இடத்திலும் இருக்காது. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடுதான். பல நிலையங்களில் மாண்டரினும் சீனக் கிளைமொழிகளும்தான் அதிகம் காதில் விழும். முதல் நாள் போய் ஒரு வார்த்தை புரியாமல் திரும்பி வந்தவர் மறுபடி போக மாட்டார்.

அதனால் முன்கூட்டியே கேளுங்கள். தமிழ் பேசும் ஊழியரோ தொண்டூழியரோ எந்த நாளில் வருவார்? உணவில் சைவம், ஹலால் உண்டா? மாட்டிறைச்சி சேர்க்கிறார்களா? தமிழ் நண்பர்கள் பக்கத்து வட்டார நிலையத்துக்குப் போகிறார்கள் என்றால், அங்கே சேரலாமா என்றும் விசாரிக்கலாம். உடற்பயிற்சிக்கும் ரம்மி-ஓவுக்கும் மொழி அதிகம் வேண்டாம். போதாததற்கு, அந்தத் தலைமுறையில் பலருக்குப் பஸார் மலாய் கைகொடுக்கும். நம்மைவிட அவர்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

தாத்தாமார்கள் விஷயம் தனி. நிலையங்களுக்கு ஆண்கள் வருவது குறைவு என்பது தெரிந்த பிரச்சினை. "நான் என்ன அவ்வளவு கிழவனா?" என்பார்கள். என் தாத்தா முதலில் போனது ரத்த அழுத்தம் பார்க்க மட்டும்தான். பிறகு யாரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். வேலை என்று வந்ததும் கூச்சம் போய்விட்டது. உங்கள் தாத்தாவையும் தொண்டூழியராகச் சேரச் சொல்லிப் பாருங்கள்.

எங்கே விடக்கூடாது

ஏஏசி பகல்நேரப் பராமரிப்பு இடம் அல்ல. முதுமை மறதியால் தொடர்ந்து கண்காணிப்புத் தேவைப்படுபவரை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. அதற்கு முதியோர் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் உண்டு, தகுதி பெற்றால் மானியமும் கிடைக்கும்.

எப்படித் தொடங்குவது?

ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்தால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நிலையத்தைச் சொல்வார்கள். ஹெல்தியர் எஸ்ஜி-யில் சேர்ந்திருந்தால் குடும்ப மருத்துவரிடமும் கேட்கலாம்.

பெயரைப் பதிந்துவிட்டு "போங்க பாட்டி" என்று அனுப்பினால் பெரும்பாலும் வேலைக்காகாது. "சும்மா காப்பி குடிச்சிட்டு வரலாம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போங்கள். பல நிலையங்கள் வார நாளில், பகலில்தான் இயங்குகின்றன. அதற்கு நீங்கள் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.