பனி சொல்லும் பாடம்

பனி! ஈரெழுத்துச் சொல். பெரம்பலூர்ப் பருத்திக் காட்டிலும் ஜெயங்கொண்டத்து முந்திரித் தோப்பிலும் மார்கழி விடியலில் உழைப்போர் நாவில் நாளும் நடமாடும் சொல். அவர்கள் காணும் பனி, இலைமேல் நிற்கும் நீர்த்துளி. உதகையில் புல்லை வெளுக்கச் செய்து, தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியை அவர்கள் வயல் கண்டதில்லை. கண்டறியாத பொருளைச் சொல்லத் தமிழுக்குச் சொல் ஏது, அறிவியலுக்கு அது ஆகுமா என்று ஏளனம் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு விடை கூற அச்சொல்லின் வரலாறே போதும்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இரண்டைப் பனிக்கே தந்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பின்பனியைப் பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கும் உரித்தாக்கியது தொல்காப்பியம். பனித்தல் என்றால் நடுங்குதல். பனி என்றால் குளிர், அச்சம், துன்பம். வள்ளுவரின் காமத்துப்பாலிலோ, பிரிந்தவள் கண்ணீரும் பனியே! வானிலையைக் குறித்த சொல் மனநிலையையும் குறித்தது. வறுமையா இது? வளமன்றோ!

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பது நம் சிற்றூர்ப் பழமொழி. பட்டறிவு பேசுகிறது அதில். ஆனால், பனி விண்ணிலிருந்து பெய்வதில்லை. தெளிந்த இரவில் நிலமும் இலையும் வெப்பத்தை இழந்து குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்றின் ஈரம் துளியாகப் படிகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இதனை ஆய்ந்து 1814இல் நூலாக வெளியிட்டார். இலையின் குளிர் உறைநிலைக்கும் கீழே இறங்கினால், அதே ஈரம் வெண்படிகமாகிறது. அதுவே உறைபனி. இயற்கையின் இந்த எளிய கணக்கை அறியாமல், மார்கழியைப் பீடை மாதம் என்று கூறி மணவிழாவைத் தள்ளிவைப்பது அறிவுடைமை ஆகுமா?

இன்னொன்றும் கேளுங்கள். 1856இல் ஒடிசாவின் தால்சேரில், மென்மணலுக்குள் பெரும் பாறைகள் புதைந்து கிடந்ததைக் கண்டனர் பிளான்ஃபோர்டு உடன்பிறப்புகள். அவற்றைப் பனிக்கட்டியே சுமந்து வந்திருக்க வேண்டும் என்றனர். வெயில் காயும் இந்தியாவிலா பனிக்கட்டி என்று வியந்தது உலகம். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அது உண்மையே என்று பின்வந்த ஆய்வு நிலைநாட்டியது. அவ்விருவருள் ஒருவரான ஹென்றி பிளான்ஃபோர்டுதான் பின்னர் நம் அரியலூர்ப் பாறைகளையும் ஆய்ந்து, இங்கே கடல் இருந்த கதையை எழுதினார். 1875இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையும் ஏற்றார். கண்முன் காணாததைச் சான்று கொண்டு கண்டார் அவர். அதுதான் பகுத்தறிவு!

அந்தக் கதையைத் தமிழில் சொல்ல முடியாதா? பனியுகம், பனியாறு, பனிப்பாறை, மூடுபனி, உறைபனி எனக் கிளை விரித்து நிற்கிறது அந்த ஈரெழுத்துச் சொல். வல்லரசுகளின் பகையைக்கூடப் பனிப்போர் என்று அதுவே பெயரிட்டது. அரியலூர் உழவனின் வயலில் முளைத்த சொல், துருவத்தையும் அளக்கிறது.

குறை மொழியில் இல்லை. அதனைக் கையாளக் கூசுவோர் நெஞ்சில் இருக்கிறது. அந்தக் கூச்சம், கதிர் கண்ட பனிபோல் கரையட்டும்!