உப்புக்காக ஒரு கோட்டை: புத்தளக் கரையின் கதை

ஈழத்துத் தமிழர் வரலாறு என்றதும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் திருகோணமலையும் நினைவுக்கு வருகின்றன. வடமேல் மாகாணத்துக்குள் அடங்கிய புத்தளக் கரையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இக்கரை ஒரு காலத்தில் மலைநாட்டு அரசையே அடக்கும் சாவியாக இருந்தது என்பேன்.

உப்புத்தளம் என்பதே புத்தளம் என மருவியதாகக் கூறுவர். மழை குறைந்த நிலம், ஓயாத காற்று, ஆழமற்ற களப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து இங்கே உப்பை விளைவிக்கின்றன. களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் தீபகற்பத்தின் வடபகுதியில், களப்பின் வாயிலை நோக்கியபடி இருக்கிறது கற்பிட்டி.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, 'பத்தாலா' என்ற ஊரில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதாக எழுதியுள்ளார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தனவாம். அந்த ஊர் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

கண்டி இராச்சியத்தில் பாக்கு உண்டு, உப்பு இல்லை. உப்பும் கருவாடும் கரையிலிருந்தே மலையேற வேண்டும். இதை நன்கு உணர்ந்த ஒல்லாந்தர், 1659இல் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1667இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். களப்பு வழியே கண்டிக்குச் செல்லும் வாணிபம் அவர்களின் கண்காணிப்புக்குள் வந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி மன்னர் கரையோரம் முழுவதையும் இழந்தார். சிலாபம், புத்தளம் முதலிய இடங்களில் தம் குடிகள் உப்பு அள்ளும் உரிமை மட்டும் அவருக்கு எஞ்சியது. 1795இல் கோட்டை பிரித்தானியர் வசமானது.

இக்கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களை 1834இல் ஒரு கசெற்றியராகவும், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரிலும் ஆங்கிலத்தில் தொகுத்தளித்தவர். பிறர் வரலாற்றைக் காத்த அம்மனிதரின் கரைக்கு நம் நூல்களில் சில வரிகளே கிடைக்கின்றன.

நிகழ்கால வரலாறும் இக்கரையைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் புத்தளத்திலேயே தஞ்சம் புகுந்தனர். வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் அதே நிலமும் அதே நீருமே பங்காயின. 2011இல் நுரைச்சோலையில் நிலக்கரி மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் நாடெங்கும் செல்கிறது. சாம்பல் தங்கள் வீடுகளில் படிவதாக அயலவர் முறையிடுகின்றனர்.

அன்று உப்பு, இன்று மின்சாரம். இக்கரையின் விளைச்சலை எல்லோரும் வேண்டினர். அங்கு வாழ்வோரின் சொல்லைக் கேட்டவர் சிலரே. உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இன்றும் தமிழ் பேசும் முதியவர்கள் உள்ளனர். அவர்கள் நினைவில் உள்ளதை எழுதிவைக்கும் பணி, அவர்கள் இருக்கும்போதே தொடங்கப்பட வேண்டும்.